இசைப் பள்ளி ஆடிஷனும் சாஸ்திரிய இசையின் நாளையும்: கோலாலம்பூர் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகள்

பிரிக்பீல்ட்ஸில் வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். கர்நாடகமும் உண்டு, வெஸ்டர்னும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஐந்தாம் படிவ மாணவர்களின் எஸ்பிஎம் தேர்வு முடிகிற சமயத்தில் கைப்பேசி ஓயாது. கேட்கும் குரல்கள் மாறும், கேள்விகள் அநேகமாக அவையேதான். அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க ஆரம்பித்தேன். அந்த நோட்டுதான் இது. எளிதானவை முதலில் வரும். பதில் சொல்ல நானே நேரம் எடுத்துக்கொண்டவை பின்னால் வரும்.

நம் வீடுகளில் அக்கா பாட்டு வகுப்புக்குப் போவாள், தம்பி பியானோவுக்குப் போவான். அதனால் இரண்டு இசையையும் பிரிக்காமல் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

டீச்சர், ஆடிஷன்னா என்ன? கிரேடு பரீட்சை மாதிரி இன்னொரு பரீட்சைதானே?

இல்லை. கிரேடு பரீட்சையில் பிள்ளை இதுவரை என்ன கற்றிருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஆடிஷனில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்கள் மனதில் ஓடும் கேள்வி வேறு: "இந்தப் பிள்ளையை நான் மூன்று நான்கு வருஷம் வகுப்பில் வைத்துச் சொல்லிக்கொடுக்க முடியுமா?" அதனால் தப்பே இல்லாமல் வாசித்த பிள்ளைக்கு இடம் கிடைக்காமல் போவதும், இரண்டு இடத்தில் தடுமாறிய பிள்ளைக்குக் கிடைப்பதும் நடக்கும்.

பொதுவாகக் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வெஸ்டர்ன் என்றால் குணம் வேறுபட்ட இரண்டு மூன்று பீஸ், ஸ்கேல், பார்த்ததும் வாசிக்கும் சைட் ரீடிங், காதுக்கான சோதனை. கர்நாடகம் என்றால் வர்ணம், ஒரு கிருதி, சொல் இல்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனை கொஞ்சம், அந்த நேரத்துக் கற்பனையில் ஸ்வரம் கோக்கும் கல்பனா ஸ்வரம், தாளம் போட்டுக் காட்டுவது. கடைசியில் இரண்டு நிமிடப் பேச்சு இருக்கும். அந்தப் பேச்சை லேசாக நினைக்காதீர்கள். "யாருடைய இசையைக் கேட்பாய்?" என்ற கேள்விக்கு ஒரு பெயர்கூட வராமல் விழிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

நடுவிலேயே "போதும்"னு நிறுத்திட்டாங்க. அப்போ ஃபெயில்தானா?

அப்படி அர்த்தமே இல்லை. ஒரு நாளில் முப்பது நாற்பது பேரைக் கேட்கிறார்கள். தேவையானது காதில் விழுந்ததும் அடுத்த பகுதிக்குப் போய்விடுவார்கள். நன்றாக வாசிப்பவர்களையும் நிறுத்துவார்கள். இதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால் முதல் பீஸில் நிறுத்தியதை நினைத்து இரண்டாவதைப் பாழாக்கிவிடும்.

என் மகனுக்குப் பதிமூணு வயசு. இனிமே ஆரம்பிச்சா லேட்டா?

எந்த வாத்தியம் என்பதைப் பொறுத்தது. வயலின், பியானோ இரண்டிலும் கன்செர்வடோரி எனும் பெரிய இசைக் கல்லூரிகளுக்குப் போகிறவர்கள் ஐந்து ஆறு வயதிலேயே தொடங்கியவர்கள். பதிமூன்றில் வயலின் தொடங்கி பதினெட்டில் அந்த வரிசையில் நிற்பது மிகவும் கடினம். இதை மறைத்துப் பேசினால் பிள்ளைக்குத்தான் நஷ்டம். ஆனால் வியோலா, டபுள் பாஸ், டிராம்போன், பஸூன் போன்றவற்றுக்குப் பலரும் பதின்ம வயதில்தான் வருகிறார்கள். இளையோர் இசைக்குழுக்களில் அந்த வாத்தியங்களுக்கு ஆள் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

பாட்டு வேறு கணக்கு. பையன்களுக்குக் குரல் உடையும் பருவத்தில் சுருதி சுமார் ஒரு ஸ்தாயி இறங்கும். அந்த ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் ஆடிஷன் வைத்துக்கொள்ளாதீர்கள். அதற்காகப் பாட்டை நிறுத்தவும் வேண்டாம். தாளத்தையும் ஸ்வர ஞானத்தையும் வளர்க்க அதைவிட நல்ல காலம் இல்லை. குரல் அடங்கி நின்றபின் பார்த்தால் பையன் எவ்வளவோ முன்னேறியிருப்பான்.

யூனிவர்சிட்டின்னா எங்கெங்க இருக்கு? நம்ம பிள்ளைங்களுக்கு இடம் கிடைக்குமா?

அரசுப் பல்கலைக்கழகங்களில் செர்டாங்கில் உள்ள யூபிஎம், கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம், பினாங்கில் யூஎஸ்எம் ஆகியவற்றில் இசை படிக்கலாம். இசை ஆசிரியராக வேண்டும் என்றால் தஞ்சோங் மாலிமில் உள்ள உப்சி. ஷா ஆலமில் யூஐடிஎம்மின் இசைத் துறை பெரியது, ஆனால் அது பூமிபுத்ரா, அதாவது மலாய், பூர்வகுடி மாணவர்களுக்கானது. அதைத் தெரியாமல் ஓராண்டு காத்திருந்த குடும்பம் உண்டு. அஸ்வாரா 1994இல் தேசியக் கலைக் கழகமாகத் தொடங்கியது. அங்கே மரபுக் கலைகளுக்கு முதலிடம். தனியாரில் யூசிஎஸ்ஐயின் இசைக் கழகம் பெரியது. எல்லை தாண்டினால் சிங்கப்பூரில் யோங் சியூ தோ கன்செர்வடோரி.

அரசு இடங்களுக்கு யூபியு என்ற பொது விண்ணப்ப முறை வழியாக விண்ணப்பித்து, அதன்பின் ஆடிஷனுக்குப் போக வேண்டும். எஸ்பிஎம்மில் மலாய் மொழியும் வரலாறும் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. பட்டப்படிப்புக்கு மூவெட் என்ற ஆங்கிலத் தேர்வும் வேண்டும். "பிள்ளை நன்றாக வாசிக்கிறான், படிப்பு எதற்கு" என்பவர்களுக்கு என் பதில் இவ்வளவுதான். ஆடிஷன் அறைக் கதவு திறப்பதற்கு முன்பே திறக்க வேண்டிய கதவுகள் இவை.

மகள் கர்நாடகப் பாட்டு மட்டும்தான் படிச்சிருக்கா. அவளுக்கு எங்க வழி?

இங்கே கற்பதற்குக் குறை இல்லை. சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் தொடங்கி வைத்த டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. வீட்டிலேயே வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள் செந்தூலிலும் கிள்ளானிலும் உண்டு. ஆனால் கர்நாடக இசையையே முதன்மையாக எடுத்துப் பட்டம் வாங்குவதென்றால் பெரும்பாலும் தமிழ்நாட்டுக்குத்தான் போகிறார்கள். ருக்மிணி தேவி 1936இல் நிறுவிய கலாக்ஷேத்ரா, சென்னை அரசு இசைக் கல்லூரி, 1929இல் இசைக் கல்லூரி தொடங்கிய சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆகியவை நம்மவர்கள் அதிகம் கேட்கும் பெயர்கள். கிளம்புவதற்கு முன் அந்தத் தகுதிக்கு இங்கே மதிப்பு உண்டா என்பதை மலேசியத் தகுதி முகமையான எம்கியூஏவிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உள்நாட்டிலேயே வெஸ்டர்ன் சார்ந்த படிப்பில் சேரவும் அவளால் முடியும். நம் பிள்ளைகளுக்குக் காது நன்றாக இருக்கும், மனப்பாடம் பலம், தாளம் ரொம்பப் பலம். தாளத்தின் தொடக்கத்தில் இல்லாமல் தள்ளி எடுக்கும் பாட்டைப் பாடும் பெண்ணுக்கு 7/8 டைம் சிக்னேச்சர் ஒரு பொருட்டில்லை. குறைவது இரண்டு. ஐந்து கோட்டு ஸ்வரக்குறிப்பைப் படிப்பதும், பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது அவற்றைப் பிரித்துக் கேட்பதும். இரண்டையும் ஒன்றரை வருஷத்தில் கொண்டுவரலாம், தினம் செய்தால்.

பையன் கர்நாடக வயலின் வாசிக்கிறான். அதே வயலின்தானே, வெஸ்டர்ன் ஆடிஷனுக்குப் போகலாமா?

மரப்பெட்டி ஒன்றுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) அதை ஐரோப்பியரிடம் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்தார். அதற்கப்புறம் வாசிக்கும் முறையே மாறிவிட்டது. நாம் சம்மணமிட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று சேர்க்கிறோம். வயலின் அசையாமல் நிற்பதால் இடது கை தந்தி முழுக்கச் சறுக்கிப் போக முடிகிறது. ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகம் அதிலிருந்துதான் பிறக்கிறது. வெஸ்டர்னில் நின்றுகொண்டு, தோளுக்கும் தாடைக்கும் நடுவில் பிடித்து, ஜி-டி-ஏ-இ என்று சேர்க்கிறார்கள். சுருதியும் மேலே, தந்தியின் இறுக்கமும் அதிகம். விரல்களுக்கு நிலையான இடங்கள் உண்டு.

அதனால் ஒரு விரலிலிருந்து இன்னொரு விரலுக்கு இழுத்துக்கொண்டு போகும் பழக்கம் பாக் (Bach) என்ற ஐரோப்பிய இசையமைப்பாளரின் இசையில் முதல் நான்கு மாத்திரையிலேயே தெரிந்துவிடும். இரண்டு வருஷம் தனியாக வெஸ்டர்ன் ஆசிரியரிடம் போகட்டும். தனி வயலின் வைத்துக்கொள்வது நல்லது. ஒரே வயலினில் தந்தியைத் தளர்த்தித் தளர்த்தி இறுக்கினால் தந்தியும் போகும், தந்தியை முறுக்கும் பிரடையும் தேயும். வில் கை மட்டும் இரண்டுக்கும் உதவும். நீளமாக, ஒரே அழுத்தத்தில் வில் இழுக்கத் தெரிந்த பிள்ளை எங்கே போனாலும் பாதி வேலை முடிந்தது.

கிரேடு 8 முடிச்சா சீட் நிச்சயம்தானே டீச்சர்?

நிச்சயம் இல்லை. கிரேடு 8 என்பது பல இடங்களில் வாசற்படி. உள்ளே போய் உட்கார வேறு வேண்டும்.

கிரேடு பரீட்சை நடத்தும் பிரிட்டிஷ் அமைப்பான ஏபிஆர்எஸ்எம்மின் நேரடி வாசிப்புத் தேர்வின் கணக்கைப் பாருங்கள். மொத்தம் 150. தேற 100, மெரிட்டுக்கு 120, டிஸ்டிங்ஷனுக்கு 130. மூன்று பீஸுக்கு மட்டும் 90, ஸ்கேலுக்கு 21, சைட் ரீடிங்குக்கு 21, காதுச் சோதனைக்கு 18. ஓராண்டு முழுக்க மூன்றே பீஸைத் தேய்த்து, மற்றதைக் கடைசி மாதத்தில் தொட்டுக்கொண்டாலும் தேறிவிடலாம். நம் ஊரில் நிறையப் பேர் அப்படித்தான் எட்டு கிரேடையும் தாண்டுகிறார்கள். எட்டு வருஷத்தில் இருபத்துநாலு பீஸ். ஆடிஷன் அறையில் புதுத் தாளை வைத்ததும் விஷயம் வெளியே வந்துவிடும். 2020இல் வந்த பெர்ஃபாமன்ஸ் கிரேடில் நான்கு பீஸை ஒரே காணொளியாக அனுப்பினால் போதும், சைட் ரீடிங்கே கிடையாது. அந்த வழியில் வந்த பிள்ளைகள் தினம் பத்து நிமிடமாவது தெரியாத தாளை வாசிக்க வேண்டும்.

ஆறாம் கிரேடிலிருந்து மேலே போக ஐந்தாம் கிரேடு தியரி தேவை என்பது எல்லோருக்கும் தெரியும். தேறியதும் அதை மறந்துவிடுகிறார்கள். மறக்காதீர்கள்.

என்ன பீஸ் எடுக்கணும்? கஷ்டமானதா எடுத்தா நல்ல பேர் வருமா?

வராது. பிள்ளையால் முடிகிற கடினமான பீஸைவிட ஒரு படி கீழே எடுங்கள். வயிற்றுவலியோடு, தூங்காத கண்ணோடு, குளிர்ந்த விரலோடு வாசித்தாலும் நிற்கக்கூடிய பீஸாக இருக்க வேண்டும். வெஸ்டர்ன் வயலினுக்கு நான் வழக்கமாகச் சொல்வது பாக்கின் தனி வயலின் படைப்புகளில் ஒரு பகுதி, மொசார்ட் 1775இல் எழுதிய கன்செர்ட்டோக்களில் ஒன்றின் முதல் பகுதி, அப்புறம் பிள்ளைக்கே பிடித்த ஒன்று. மொசார்ட் எளிதாகத் தெரியும், ஆனால் எதையும் ஒளித்து வைக்க இடம் தராது. அதனால்தான் அதைக் கேட்கிறார்கள்.

கர்நாடகத்துக்கு, வர்ணத்தை இரண்டு காலத்திலும் சுத்தமாகப் பாடத் தெரிந்திருக்க வேண்டும். கிருதிக்கு மோகனம், கல்யாணி, ஹம்ஸத்வனி போல, பிள்ளை சுலபமாக உள்ளே போய் உலாவக்கூடிய ராகம் போதும். எனக்குப் பதினெட்டு வயதில் நடந்ததைச் சொல்கிறேன். சென்னையில் ஒரு கல்லூரிக்கு ஆடிஷனுக்குப் போனேன். தோடியில் ஒரு பெரிய கிருதியை மாதக்கணக்கில் தயார் செய்திருந்தேன். அங்கே உட்கார்ந்திருந்த அம்மா பல்லவி முடிந்ததும் நிறுத்திவிட்டு, "மாயாமாளவகௌளையில் ஜண்டை வரிசை வாசிம்மா, மூணு காலமும்" என்றார். மூன்றாம் காலத்தில் என் வில் சிதறியது. அந்த ஆண்டு இடம் கிடைக்கவில்லை. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லும் அந்த வரிசைகளை இன்றும் காலையில் முதலில் அதனால்தான் வாசிக்கிறேன், என் மாணவர்களையும் வாசிக்க வைக்கிறேன்.

யூடியூப்ல எல்லாரும் அஞ்சரை கட்டையில பாடறாங்க. என் பொண்ணுக்கும் அதையே வைக்கலாமா?

அவள் குரல் சொல்வதை வையுங்கள். கட்டை என்பது பியானோவின் வெள்ளைக் கட்டையை எண்ணி வந்த கணக்கு. சி ஒரு கட்டை, டி இரண்டு, ஜி ஐந்து, ஏ ஆறு. நடுவிலுள்ள கறுப்புக் கட்டைகள் அரை. ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். கீழே மந்திர பஞ்சமமும் மேலே தார பஞ்சமமும் கழுத்து நரம்பு புடைக்காமல் வர வேண்டும். கீழே காற்று மட்டும் வந்தால் சுருதியை ஏற்றுங்கள், மேலே கத்தல் வந்தால் இறக்குங்கள். நாலரை கட்டையில் அழகாகப் பாடும் பெண்ணை ஐந்தரைக்கு இழுத்துக்கொண்டு போய்த் தொண்டையைக் கெடுத்ததை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

வீடியோ எடுத்து அனுப்பச் சொல்றாங்க. ஸ்டுடியோ வாடகைக்கு எடுக்கணுமா?

வேண்டாம். கைப்பேசி போதும். ஆனால் ஒரே டேக். வெட்டி ஒட்டினால் நிராகரித்துவிடுவார்கள். இரண்டு கையும் முகமும் தெரிய வேண்டும். பியானோ இசையை அப்புறம் சேர்ப்பது, எக்கோ போடுவது எதுவும் கூடாது. மின்விசிறியையும் ஏர்கானையும் நிறுத்துங்கள். பத்து நிமிடம் வியர்க்கட்டும், பரவாயில்லை. பாத்திரக் கடை மாதிரி எதிரொலிக்கும் டைல்ஸ் ஹாலைவிட, மெத்தையும் துணி அலமாரியும் உள்ள படுக்கையறை ஒலிக்கு நல்லது.

நேரலையில் ஜூம் வழியாக என்றால் "ஒரிஜினல் சவுண்ட்" என்ற அமைப்பைப் போட்டுவிடுங்கள். அதைப் போடாவிட்டால் ஜூம் தம்பூராவைப் பின்னணிச் சத்தம் என்று நினைத்து அழித்துவிடும். வில்லின் நீண்ட இழுப்பும் பாதியில் காணாமல் போகும். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து வகுப்பெல்லாம் ஆன்லைனுக்குப் போனபோது இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது.

அன்னைக்கு எதைக் கவனிக்கணும்?

ஏர்கானை. வெளியே நம் ஊர் ஈரக் காற்று, உள்ளே குளிர்ந்த உலர்ந்த காற்று. வயலின் பிரடை நழுவி ஒரு தந்தி அப்படியே தளர்ந்துவிடும். மிருதங்கத்தின் தோல் மாறி வலந்தலை, அதாவது வலப்பக்கம், சுருதி ஏறிவிடும். ஒரு மணி நேரம் முன்னால் போய், வாத்தியத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து அந்தக் குளிரிலேயே வையுங்கள். மாற்றுத் தந்தி ஒரு செட், மிருதங்கம் என்றால் சுருதி சேர்க்கக் கல்லும் கட்டையும் ரவையும் பையில் இருக்கட்டும். கைக்கு ஒரு ஸ்வெட்டர். காலையில் வெறும் வயிறும் வேண்டாம், நாசி லெமாக்கும் வேண்டாம்.

பதற்றத்துக்கு ஒரே மருந்து, ஆடிஷனுக்கு முன் பத்துப் பேர் முன்னால் பத்து முறை வாசித்திருப்பது. யார் முன்னால் என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

திரைக்குப் பின்னால வாசிக்க வைப்பாங்களா? முகத்தைப் பார்த்து எடுப்பாங்களோன்னு பயமா இருக்கு.

திரை என்பது இசைக்குழுக்களின் வழக்கம். அமெரிக்காவில் பாஸ்டன் சிம்ஃபனி 1952இலேயே திரை வைத்தது. மற்றவை 70களிலும் 80களிலும் பின்பற்றின. காலணிச் சத்தத்தில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடக்கூடாது என்று தரையில் கம்பளம்கூட விரித்தார்கள். கிளாடியா கோல்டின், சிசிலியா ரௌஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2000இல் இதை ஆராய்ந்து, திரை பெண்களின் வாய்ப்பைக் கூட்டியது என்று எழுதினார்கள். பள்ளி, கல்லூரி ஆடிஷன்களில் பெரும்பாலும் திரை இருக்காது. மேலே சொன்ன அந்த இரண்டு நிமிடப் பேச்சு அவர்களுக்குத் தேவை.

முகத்தைப் பற்றிய பயம் எனக்குப் புரிகிறது. யாரை எடுக்கலாம் என்று சட்டமே வரையறுத்த இடத்தை முன்பே சொல்லிவிட்டேன். மற்ற இடங்களில் என் மாணவர்களை நிராகரித்தபோதெல்லாம் அவர்கள் வாசித்த பதிவைத் திரும்பக் கேட்டிருக்கிறேன். காரணம் எனக்குக் காதில் விழுந்தது. பிள்ளையிடம் பயத்தைச் சொல்லி அனுப்பாதீர்கள். அது தோளில் போய் உட்காரும், தோள் இறுகினால் வில் நடுங்கும்.

முதல் தடவை கிடைக்கலை. விட்டுடலாமா?

என் கதையை மேலே படித்தீர்கள். அடுத்த ஆண்டு அதே கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தது. முடிந்தால் ஏன் எடுக்கவில்லை என்று பணிவாகக் கேளுங்கள். சிலர் பதில் தருவார்கள். காத்திருக்கும் ஆண்டில் பிள்ளை தனியாகவே வாசித்துக்கொண்டிருக்கக் கூடாது. 2006இல் தொடங்கிய மலேசிய பில்ஹார்மோனிக் இளையோர் இசைக்குழு போன்ற ஒன்றில் சேர முயலட்டும், அல்லது நடன வகுப்புக்குப் பக்கவாத்தியம் வாசிக்கட்டும்.

ரெண்டு குரு பாடாந்தரமும் வேற வேறயா இருக்கு. பழைய டீச்சரை விட்டுட்டுப் போனா பாவமா?

இதைக் கேட்கும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். பாவம் இல்லை. சொல்லாமல் போவதுதான் தவறு. பத்து வருஷம் சொல்லிக்கொடுத்தவரிடம் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிட்டு நின்றுவிடாதீர்கள். வெற்றிலை பாக்கு பழத்தோடு நேரில் போய், "கல்லூரிக்குத் தயார் செய்யணும் டீச்சர், ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று பிள்ளையையே சொல்ல வையுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் அவர்களே நல்ல இடம் சொல்லி அனுப்புவார்கள்.

பாடாந்தரம், அதாவது ஒரே பாட்டை ஒவ்வொரு குருவும் சொல்லிக்கொடுக்கும் வடிவம், வேறுபட்டால் ஆடிஷனுக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கிருதியில் இருவரின் சங்கதியையும் கலந்தால் கேட்பவர்களுக்கு உடனே தெரியும். மற்றதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பொக்கிஷமாகும்.

படிச்சு முடிச்சு என்ன வேலை? சோறு போடுமா?

மேடையில் தனியாக அமர்ந்து பாடி மட்டும் வாழ்பவர்கள் இந்த நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அதை நம்பிப் படிக்க வைக்காதீர்கள். பாடம் சொல்லிக்கொடுப்பது, பள்ளி இசை ஆசிரியர் பணி, ஒலிப்பதிவு, விழா ஏற்பாடு, இவை எல்லாம் சேர்ந்துதான் மாதச் சம்பளம்.

ஆனால் ஓர் இடம் காலியாகவே இருக்கிறது. கோலாலம்பூரில் பரதநாட்டிய அரங்கேற்றம் நடக்காத மாதம் அபூர்வம். பல குடும்பங்கள் பாட்டுக்கும் மிருதங்கத்துக்கும் வயலினுக்கும் சென்னையிலிருந்து கலைஞர்களை வரவழைக்கின்றன. விமானச் சீட்டு, தங்குமிடம், சன்மானம் எல்லாம் சேர்த்து ஆயிரக்கணக்கான வெள்ளி. நடனத்துக்கு வாசிப்பது தனிக் கலை. ஜதியும் நட்டுவாங்கமும் தெரிய வேண்டும், ஆடும் பெண்ணின் மூச்சைப் பார்த்து வாசிக்க வேண்டும். அதை முறையாகக் கற்ற உள்ளூர்ப் பிள்ளைகள் போதாது. பக்கவாத்தியம் என்றால் இரண்டாம் தரம் என்ற நினைப்பைப் பெற்றோர்தான் முதலில் விட வேண்டும்.

இன்னும் இருபது வருஷத்துல இந்தச் சங்கீதத்தைக் கேட்க யாராவது இருப்பாங்களா?

நானும் இரவில் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. ஞாயிறு மாலை நல்ல கச்சேரி ஒன்று. முன்வரிசையில் எழுபது வயதுக்காரர்கள், நடுவில் காலி நாற்காலிகள், கடைசியில் பாடுகிறவரின் மாணவர்கள். அந்தக் காட்சி எனக்கும் வலிக்கிறது.

ஆனால் நாம் "பழமை" என்று நினைக்கும் கச்சேரியே அவ்வளவு பழையதில்லை. வர்ணத்தில் தொடங்கிக் கிருதிகள், நடுவில் பெரிய ராகம், கடைசியில் சின்னச் சின்னத் துக்கடாப் பாட்டுகள் என்று இன்று நாம் கேட்கும் அமைப்பை நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). அதற்கு முன் இந்த இசை கோயிலிலும் அரண்மனையிலும் மணிக்கணக்கில் நடந்தது. சபா வந்தது, ஒலிபெருக்கி வந்தது, ஒவ்வொரு முறையும் இசை இடம் மாறி உட்கார்ந்தது. மேடையில் தமிழ்ப் பாட்டே போதாது என்று எழுந்த இயக்கத்தில் 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. அதற்கப்புறம் தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் தனி மதிப்பு வந்தது. வெஸ்டர்னிலும் இங்கே அப்படித்தான். 1998 ஆகஸ்டில் இரட்டைக் கோபுரத்தின் அடியில் பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கு திறக்கும்வரை, இந்த நகரத்துப் பிள்ளைக்கு முழுநேர இசைக்குழு ஒன்றை வாரந்தோறும் கேட்கும் இடமே இருக்கவில்லை. என் மாணவர்களுக்கு அது பிறந்ததிலிருந்தே இருக்கும் விஷயம்.

நான் உண்மையில் பயப்படுவது கச்சேரிக்காக இல்லை, நாகஸ்வரத்துக்காக. நம் கோயில்களில் வாசிப்பவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வருகிறவர்கள். விசா தாமதமானால் தீபாராதனை நேரத்தில் ஒரு மின்சாரப் பெட்டி தானாக முரசு தட்டி மணி அடிக்கிறது. நம் பிள்ளைகள் நூறு பேர் வயலின் கற்றால் ஒருவர்கூட நாகஸ்வரம் கற்பதில்லை, தவில் கற்பதில்லை. சாதியை வைத்து அந்த வாத்தியத்தைத் தள்ளி வைத்த பழைய கதையும் இதில் உண்டு. அதைப் பேசாமல் இருப்பதும் சரியில்லை. ராக ஆலாபனையின் பெரிய ஊற்றே நாகஸ்வரம்தான் என்று பாட்டுக்காரர்களே சொல்வார்கள். யாராவது ஒரு பெற்றோர் "எங்க பையன் நாகஸ்வரம் கத்துக்க ஆசைப்படறான்" என்று சொன்னால், குருவைத் தேடித்தர நானே அலைவேன்.

ஏஐ நிமிஷத்துல பாட்டு போடுது. பத்து வருஷம் சாதகம் எதுக்கு?

தம்பூராப் பெட்டி வந்தபோதும் இதையே கேட்டார்கள். பாட்டு வேண்டும் என்பவருக்கு ஏஐ போடும் பாட்டு போதும். ஆனால் கல்பனா ஸ்வரத்தில் மிருதங்கக்காரர் எதிர்பாராமல் ஒரு கோர்வை வைக்க, பாடகி சிரித்துக்கொண்டே அதைப் பிடித்துத் திருப்பித் தருகிறாளே, அதற்கு இரண்டு மனிதர்கள் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆடிஷனிலும் கடைசியில் அதைத்தான் தேடுகிறார்கள். பிள்ளை எதிரில் இருப்பவரைக் கேட்கிறதா என்று.

எனக்குத்தான் ஆசை. அவளுக்கு அவ்வளவா இஷ்டம் இல்ல போல. என்ன செய்ய?

ஆடிஷனுக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். வகுப்பை நிறுத்தவும் வேண்டாம். ஒரு மாதம் அவளைச் சாதகம் செய் என்று சொல்லாமல் இருந்து பாருங்கள். தானாக வாத்தியத்தை எடுத்தால் பேசலாம். எடுக்காவிட்டால் நல்ல ரசிகையாக வளரட்டும். மேலே சொன்ன காலி நாற்காலிகளுக்கு அவளும் தேவை.

நாங்க ரெண்டு பேரும் பாட்டு தெரியாதவங்க. வீட்ல எப்படி உதவறது?

காலையில் தம்பூரா செயலியைப் பத்து நிமிடம் போட்டு வையுங்கள், பிள்ளை பல் தேய்க்கும்போதே. பிள்ளை பாடுகையில் "இன்னும் நல்லா" என்று சொல்லாமல், "அந்த இடத்தை இன்னொரு தடவை பாடு, எனக்குப் பிடிச்சது" என்று ஓர் இடத்தைக் காட்டுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் நம் நகரத்திலும் நடக்கும் தியாகராஜ ஆராதனைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பஞ்சரத்தினம் பாடும் கூட்டத்தில் உட்கார வையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கேளுங்கள், கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு.

அப்புறம் அந்தப் பத்து முறை. ஞாயிற்றுக்கிழமை பாட்டி வீட்டுக்குப் போகும்போது வயலினையும் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு முன், பெரியப்பா சித்தி எல்லோரும் இருக்கும்போது, ஆடிஷனில் வாசிக்கப் போகும் வரிசையிலேயே எழுந்து நின்று வாசிக்கட்டும். பாட்டி நடுவில் எழுந்து தேநீர் கலக்கப் போவார், குட்டித் தம்பி அழுவான், வாசலில் யாராவது கூப்பிடுவார்கள். நிறுத்தாமல் முடிக்கட்டும். அடுத்த வாரம் அத்தை வீடு.